நெல் ஊறிய தொட்டி

மில் தெருவை விஜயலெட்சுமி கேட்டு வாங்கிக்கொண்டாள். பதுளை பஜாருக்குப் பின்னால், மரக்கறிச் சந்தைக்கும் ஆற்றுக்கும் நடுவே சரிந்து இறங்குகிற அந்தத் தெருவைக் கூட்டுவதற்கு நகரசபை ஆட்களில் ஒருவருக்கும் மனம் வராது. சந்தையில் கழித்த லீக்ஸ் தழையும் கோவா மடலும் மழைத் தண்ணீரோடு உருண்டு வந்து அங்கேதான் அடையும். கால் வைத்தால் வழுக்கும். பெருச்சாளி குறுக்கே ஓடும். அரசாங்கக் கச்சேரிப் பக்கத்து நல்ல ரோட்டை விட்டுவிட்டு அங்கே போகிறேன் என்று அவள் சொன்னது ஓவசியர் றில்வானுக்கு விளங்கவேயில்லை.

"ஏன் விஜயா, அந்த ரோட்ல யாரும் ஏசினாங்களா?"

"இல்லங்க சேர். இது வீட்டுக்குக் கிட்டங்க."

கிட்டவும் இல்லை. வேலையாட்களின் லயன் வீடுகள் ஆற்றுக்கு அந்தக் கரையில். பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். றில்வான் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரியென்று விட்டார்.

தெரு முடிகிற இடத்தில் பழைய அரிசி மில் நின்றது. கருங்கல் சுவர், மேலே துருவேறிச் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்ட தகரக் கூரை. ஒரு காலத்தில் மகியங்கனைப் பக்கத்திலிருந்து லொறி லொறியாக நெல் வந்து, ஊறி, அவிந்து, காய்ந்து, அரிசியாகி மலையில் உள்ள தோட்டங்களுக்கெல்லாம் ஏறிப்போன இடம். விஜயலெட்சுமி பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்த புதிதில், நெல் அவிக்கிற வாசனை ஆற்றைத் தாண்டி லயனுக்குள் வரும். பிறகு பொலன்னறுவைப் பக்கம் பெரிய பெரிய மில்கள் வந்தன. இங்கே அடுப்பு அணைந்தது. முதலாளி குடும்பம் கொழும்புக்குப் போனது. பூட்டு துருப்பிடித்து விழுந்தது. கதவை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். இயந்திரங்கள் இரும்புக் கடைக்குப் போயின. கடைசியில், போக்கிடம் இல்லாத பொடியன்கள் சிலர் உள்ளே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய மகன் கிருஷ்ணராஜ்.

வெலிமடையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டுபோகிற லொறியில் அவனுக்கு வேலை. பகலெல்லாம் மூட்டை ஏற்ற வேண்டும், இரவெல்லாம் டிரைவருக்குப் பக்கத்தில் கண்விழித்து உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கம் வராமலிருக்க என்று வழியில் ஒருவன் கொடுத்ததுதான் முதல் ஐஸ், கண்ணாடித் தூள் மாதிரி இருக்கிற அந்தப் போதைமருந்து. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு ஒழுங்கான தூக்கம் என்று ஒன்று வரவேயில்லை. வேலை போயிற்று. உடம்பு போயிற்று. வீட்டில் ஒவ்வொரு சாமானாகக் காணாமல் போயிற்று. தங்கை யசோதினி வைத்துத் தைத்துக்கொண்டிருந்த மிஷினை அவன் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, தகப்பன் சிவஞானம் வாசலில் நின்று லயனே கேட்கும்படி சொன்னார்:

"இன்னையிலருந்து எனக்கு மகன் இல்ல. அவன் இந்தப் படியில கால வச்சா நான் எறங்கிப் போயிருவேன்."

சிவஞானம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசிவிட்டால் மாற்றவும் மாட்டார்.

மில்லின் பின்சுவரில், ஆற்றைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் இருந்தது. கம்பிகளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் தெருவைக் கூட்டிக்கொண்டே அந்தப் பக்கம் வந்து, சேலைத் தலைப்புக்குள்ளிருந்து பொதியை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பாள். இரண்டு ரொட்டி, கொஞ்சம் சம்பல். சில நாள் சோறும் பருப்பும். விளக்குமாற்றுக் கட்டையால் சுவரில் தட்டுவாள். உள்ளேயிருந்து ஒரு கை வந்து எடுக்கும். நகமெல்லாம் கறுத்து, மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் கை. அதைப் பார்த்துவிட்டால் அன்றைய பொழுதை ஓட்டிவிடுவாள்.

சில நாள் பேசவும் செய்வான்.

"அம்மா."

"ம்."

"ராவெல்லாம் ஒரே குளிரும்மா."

மறுநாள் சிவஞானத்தின் பழைய கம்பளிச் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்று மாதமாக அடித்துக்கொண்டிருந்த மழையில் சிவஞானம் அந்தச் சட்டையைத் தேடவில்லை. இன்னொன்றும் இருந்தது. ராத்திரி சாப்பிடும்போது அவர் ஒரு ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். கேட்டால், "வயிறு சரியில்ல" என்பார். நாளெல்லாம் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிற மனிதருக்குத் தினமும் ராத்திரி வயிறு சரியில்லாமல் போனது. விஜயலெட்சுமி அந்த ரொட்டியை எடுத்து மூடிவைப்பாள். அதைப்பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் றில்வான் எல்லோரையும் நிற்கச் சொன்னார்.

"திங்கக்கிழம எல்லாருக்கும் மில்லுல வேல. பழைய முதலாளிட பேரன் வந்திரிக்கி, ஜனகன் ஐயா. இடிக்கப் போறல்ல. கல்லுச் சுவர், தூண் எல்லாத்தயும் அப்பிடியே வச்சு, கழுவித் தொடச்சு, உள்ளுக்குக் கடைகளும் சாப்பாட்டு இடமும் போடப் போறாரு. ரயில்ல வார வெள்ளக்காரங்க வந்து பாக்கிற மாதிரி. குப்பய அள்ளித் தாரது நம்மட வேல."

"உள்ள இருக்கானுங்களே, அவனுங்க?" என்று கருப்பம்மா கேட்டாள். வேலையாட்களில் மூத்தவள். யாருக்கும் பயப்படாமல் கேட்பவள்.

"அதுக்குத்தான் நாங்க போக முன்ன பொலிஸ் வாரது. புடிச்சிக் கோட்டுக்குக் கொண்டு போய், புனர்வாழ்வுக்கு அனுப்புவாங்களாம்." றில்வான் குரலைத் தாழ்த்தினார். "இத வெளிய ஒருத்தருக்கும் செல்ல வேணாம். செல்லிட்டா அவனுவள் வேற எங்கயாச்சும் போய் ஒளிஞ்சிருவானுவள்."

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் தனக்குத்தான் சொல்கிறார் என்று விஜயலெட்சுமிக்குத் தெரிந்தது.

அன்று கருப்பம்மா தன் ரோட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு மில் தெருவுக்கு வந்தாள். இரண்டு பேரும் சந்தைச் சுவரோரம் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். மலையிலிருந்து பனி இறங்கி மில்லின் கூரையைப் பாதி மறைத்திருந்தது.

"என்ன செய்யப் போற?"

"என்னத்தக்கா?"

"நடிக்காத விஜயா. நீ சோத்துப் பொதியோட போறத இந்த ரோட்டு நாய்கூடப் பாத்திருச்சு."

விஜயலெட்சுமி வெற்றிலையை மென்றாள்.

"சொல்லாத" என்றாள் கருப்பம்மா. "நான் சொல்றத கேளு. என் தங்கச்சி மகன் அப்பிடித்தான் கெடந்தான். புடிச்சிட்டுப் போனாங்க. தங்கச்சி மண்ணுல பொரண்டு அழுதா. போன பங்குனியில வந்தான், கன்னத்துல சத வச்சு. இப்ப பேக்கரியில நிக்கிறான். பாண் கொண்டாந்து குடுக்கிறான் எனக்கு."

"அடிப்பாங்களாக்கா?"

"ரெண்டு தட்டுத் தட்டுவாங்கதான். அதுக்காக? நீ போய்ச் சொல்லிட்டன்னு வையி, அவன் ஓடிருவான். ரயில் பாதையிலயோ எவன் கொட்டிலுலயோ போய்க் கெடப்பான். அப்ப நீ எந்த ஜன்னல்ல ரொட்டி வப்ப?"

விஜயலெட்சுமி எழுந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் யசோதினி இரவல் மிஷினில் யாருடைய பிள்ளைக்கோ பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். விஜயலெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து மா பிசைந்தபடியே விஷயத்தைச் சொன்னாள். சிவஞானம் வாசல் கட்டையில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, திங்கக்கிழம பொலிஸ் வருதாம் மில்லுக்கு."

குச்சி நின்றது.

"புனர்வாழ்வுக்குத்தான் அனுப்புவாங்களாம். நல்லா ஆகி வந்தவங்க இருக்காங்களாம். அவன்கிட்ட சொல்லாம விட்டுரட்டுமா? ஏதாவது சொல்லுங்களேன்."

"எனக்குத்தான் மகன் இல்லன்னு சொல்லிட்டேனே. என்கிட்ட ஏன் கேக்குற?"

"அண்ணன வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று யசோதினி தலையைத் தூக்காமல் சொன்னாள். "மிஷின் போனா போகுது."

சிவஞானம் எழுந்து வெளியே போனார். மழையில் நனைந்துகொண்டே பாலத்துப் பக்கம் போய் வெகுநேரம் நின்றிருந்துவிட்டுத் திரும்பினார். அன்று அவர் இரண்டு ரொட்டியைத் தட்டில் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. ஆனாலும் விஜயலெட்சுமி போனாள். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், கத்தரிக்காய் போட்டு, புளி தூக்கலாக, அவனுக்குப் பிடித்த மாதிரி. கொதிக்கக் கொதிக்கச் சோற்றில் ஊற்றி வாழை இலையில் கட்டி எடுத்துக்கொண்டாள். சுவரில் தட்டியதும் கை மட்டும் வரவில்லை. முகமும் வந்தது. கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், ஆனால் அன்றைக்குத் தெளிவாக இருந்தான். தகப்பனின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தான்.

"என்னம்மா, ஞாயித்துக்கெழமயில?"

"சும்மாதான். சாப்பிடு."

ஜன்னல் விளிம்பிலேயே இலையைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அவசர அவசரமாக அள்ளினான். கருவாட்டு முள்ளைக்கூட மென்றான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஆறு கலங்கலாக, சத்தத்தோடு போனது.

"யசோ எப்பிடி இருக்கா?"

"இருக்கா. தைக்கிறா."

"மிஷின்?"

"இரவல்ல வாங்கி."

அவன் கை நின்றது. "நான் மறுபடி வேலைக்குப் போனா மொத அவளுக்குத்தாம்மா மிஷின் எடுத்துக் குடுக்கணும்" என்றான். இதை முன்பும் சொல்லியிருக்கிறான். ஆனாலும் சொல்லும்போதெல்லாம் மனதாரத்தான் சொல்வான். அது அவளுக்குத் தெரியும்.

"வீட்டுக்கு வர்றியா ராசு? இப்பவே. அப்பாவ நான் பாத்துக்கிறேன்."

அவள் இப்படிக் கேட்பாள் என்று அவளே நினைக்கவில்லை. வந்துவிட்டால் பொலிசும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு அவன் காலைக் கட்டியாவது போட்டு வைத்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணராஜ் சிரித்தான். "ரெண்டு நாளு இருப்பேன். மூணாம் நாளு எதத் தூக்கிட்டு ஓடுவேன்னு எனக்கே தெரியாதும்மா. வேணாம்."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. 'நாளைக்குப் பொலிஸ் வருது, ஓடிரு.' நான்கே வார்த்தை. சொன்னால் ஓடிவிடுவான். எங்கே? அவனுடைய மணிக்கட்டைப் பார்த்தாள். இன்னொரு மழைக்காலத்தை அந்தக் கை தாங்காது. கருப்பம்மாவின் தங்கை மகன் கன்னத்தில் சதை வைத்து வந்ததை நினைத்துக்கொண்டாள். அந்தப் பையனை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் கிருஷ்ணராஜின் முகத்தோடு, வெள்ளைச் சட்டையோடு, கையில் பாணோடு அவன் வந்து நின்றான்.

"நாளைக்கும் வருவியாம்மா?"

"வருவேன்" என்றாள்.

திங்கட்கிழமை நகரசபை ஆட்கள் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொலிஸ் ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. பின்னால் நான்கு பேரை ஏற்றியிருந்தார்கள். விஜயலெட்சுமி ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடி எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவன் இல்லை.

"இன்னொருத்தன் இருந்தானே, சேர்?" என்று றில்வான் சிங்களத்தில் பொலிஸ்காரரிடம் கேட்டார். அவளுக்காகத்தான் கேட்டார்.

ஒருவன் மேல்தட்டுக்கு ஏறினான், பலகை உளுத்துப்போயிருந்ததால் நாங்கள் பின்னால் போகவில்லை, அந்தப் பக்கத்து ஓட்டை வழியாக ஆற்றங்கரைக்குக் குதித்து ஓடியிருப்பான் என்றார் அவர். ஜீப் போய்விட்டது.

ஓடிவிட்டான். விஜயலெட்சுமிக்கு முதலில் வந்தது நிம்மதியா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கருப்பம்மா அவள் கையில் மம்பட்டியைத் திணித்தாள்.

"வேலையப் பாரு. பசிச்சா வருவான். இல்லாட்டி நாம தேடுவோம்."

மில்லுக்குள் கணுக்கால் அளவு உமி கிடந்தது. எத்தனையோ வருஷத்து உமி. மழை ஒழுகி, வௌவால் எச்சத்தோடு சேர்ந்து கறுத்து, தார் மாதிரி இறுகியிருந்தது. அதற்குள் போத்தல், பிளாஸ்டிக், எரிந்த வெள்ளித்தாள், ஊசி. "கையுறை போட்டுக்கங்க, கையுறை போட்டுக்கங்க" என்று றில்வான் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். ஆண்கள் வெட்டினார்கள். பெண்கள் கூடையில் அள்ளி வாசலில் நின்ற டிராக்டர் பெட்டியில் கொட்டினார்கள். டிராக்டர் என்ஜினை நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்று அதை ஓடவிட்டே வைத்திருந்தார்கள். தடதடவென்ற அந்தச் சத்தம் கல்சுவருக்குள் இடியாக உருண்டது. புழுதியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

ஜனகன் ஒரு மூலையில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்காரன். மரியாதையான பிள்ளை. எல்லோருக்கும் பிளேன்டீயும் பணிசும் வாங்கி வைத்திருந்தான். "எங்க தாத்தா இந்த மேடையில உக்காந்துதாங்க கணக்குப் பாப்பாரு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது விஜயலெட்சுமிக்குக் கேட்டது. ஒரு தூணடியில் சாக்கு விரிப்பும், பக்கத்தில் வாழை இலையும் கிடந்தன. அவள் அதைக் கூடையில் போடாமல் தாண்டிப் போனாள். பிறகு வேறு யாரோ அள்ளிவிட்டார்கள்.

நெல் ஊறவைக்கிற தொட்டிகள் கட்டடத்தின் அந்தக் கோடியில், இருட்டில் இருந்தன. சீமெந்தில் கட்டிய ஆழத் தொட்டிகள், ஆளை விழுங்குகிற ஆழம். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். மத்தியானம் டிராக்டர் குப்பை கொட்டப் போனபோதுதான் மில்லுக்குள் அமைதி வந்தது. டீ குடிக்க எல்லோரும் வெளியே வந்தார்கள். கருப்பம்மா மட்டும் கால் கழுவத் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க அந்தக் கோடிக்குப் போனாள்.

அவள் கத்தவில்லை. மெதுவாக, "றில்வான் தம்பி, இங்க வாங்களேன்" என்றாள். எப்போதும் சேர் என்று கூப்பிடுகிறவள் தம்பி என்று கூப்பிட்டதைக் கேட்டதுமே விஜயலெட்சுமி டீக்கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மேலே பலகைத் தட்டில் ஆள் அகலத்துக்கு ஓட்டை. கீழே தொட்டிக்குள் உடைந்த பலகைகள். அதற்கு நடுவில், கம்பளிச் சட்டையோடு, ஒருக்களித்துக் கிடந்தான் கிருஷ்ணராஜ். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது.

காலையிலிருந்து அங்கேதான் கிடந்திருக்கிறான். நடுவில் ஒரு சுவர். அவ்வளவுதான்.

ஜனகன்தான் தன் வேனில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். வழியெல்லாம், "சீட் அழுக்காகுமேன்னு யோசிக்காதீங்கம்மா, படுக்க வைங்க, நல்லாப் படுக்க வைங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

முதுகெலும்பு போய்விட்டது, உள்ளேயும் இரத்தம் கசிகிறது, கண்டிக்கு அனுப்பலாமென்றால் வழி தாங்காது என்றார்கள். கழுத்தைச் சுற்றிப் பட்டை கட்டிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வெளியே மழை ஆரம்பித்திருந்தது. விஜயலெட்சுமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்திலும் முடியிலும் இன்னும் உமித்தூசி.

"அம்மா."

"இங்கதான் இருக்கேன் சாமி."

"கால் இருக்காம்மா? தெரியல எனக்கு."

"இருக்கு. நல்லா இருக்கு."

"நான் கூப்பிட்டேம்மா. டிராக்டர் சத்தம்."

அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அப்போதுதான் சிவஞானம் வந்தார். யாரோ சந்தையில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தோளில் சாக்குத் துண்டு அப்படியே கிடந்தது, உருளைக்கிழங்கு மண்ணோடு. கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். ஒரு வருஷத்துக்கு மேலாக மகன் முகத்தைப் பார்க்காத மனிதர்.

கிருஷ்ணராஜ் அவரைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாது. அம்மாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொலிஸ் வந்தப்ப ஒருத்தன் கத்துனாம்மா. ஒங்கம்மா நகரசபைதானே, அதுக்குத் தெரிஞ்சிருக்கும், ஒனக்குச் சொல்லலியாடான்னு. நான் சொன்னேன், எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருக்காதுன்னு." மூச்சு வாங்கினான். "ஒனக்குத் தெரியாதுதானேம்மா?"

விஜயலெட்சுமியின் வாய் திறந்தது. தெரியாது என்று சொல்லப் பார்த்தாள், வரவில்லை. தெரியும் என்று சொல்லப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. அவன் கண் அவளை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் சந்தேகம் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறுகிற மாதிரி அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தெரியாதுடா" என்றார் சிவஞானம்.

கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு வந்தார். மகன் பார்க்கிற மாதிரி குனிந்து நின்றார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். சந்தையில பேசிக்கிட்டாங்க. நான்தான் அவகிட்ட மறைச்சேன். நீ புடிபட்டாப் போதும்னு இருந்தேன்."

கிருஷ்ணராஜ் தகப்பன் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

"நெனச்சேன்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். பிறகு கண்ணை அவரிடமிருந்து எடுத்து அம்மாவிடம் கொண்டுவந்தான். அந்தக் கண் தெளிந்துவிட்டிருந்தது. "கைய எடுத்துறாதம்மா" என்றான். சிவஞானம் நிமிர்ந்தார். சாக்குத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வார்டுக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். யசோதினி வந்தாள். அண்ணனின் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மிஷின் பற்றி ஏதோ சொன்னான், சரியாக விளங்கவில்லை. விடிவதற்குள் போய்விட்டான். கடைசிவரை அவன் அப்பாவைக் கூப்பிடவில்லை.

அவனைப் புதைத்துவிட்டு வந்த பிறகு லயனில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். கருப்பம்மா வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான்டி சொல்லாதன்னு சொன்னேன், நான்தான் சொன்னேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். விஜயலெட்சுமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். றில்வான் வந்து, "வேற ரோடு தரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். காரியம் முடிந்ததும் அதே தெருவுக்குத்தான் போனாள். பின்சுவர்ப் பக்கம் வரும்போது மட்டும் விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாள், கட்டை சுவரில் பட்டுவிடாமல்.

மில்லில் வேலை நடந்தது. கூரை மாற்றினார்கள். சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். கழுவக் கழுவக் கல் வெளுத்து அழகாக வந்தது. வீட்டில் சிவஞானம் இரண்டு ரொட்டியையும் தின்று முடித்துவிட்டு எழுந்தார். ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன அந்த ஒரு பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. அவள் பலமுறை எடுக்கப் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

அடுத்த ஆனி மாதம் மில் திறந்தார்கள். சுத்தம் செய்து கொடுத்த ஆட்கள் எல்லோரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று ஜனகன் றில்வானிடம் சொல்லி அனுப்பியிருந்தான். அவள் வீட்டுக்கு அவனே நேரில் வந்தான். வாசலில் நின்று, "வரணும்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. வராட்டியும் கோவிச்சுக்க மாட்டேன்" என்றான். அவள் போகமாட்டேன் என்றுதான் இருந்தாள். சிவஞானம்தான் சட்டையை மாற்றிக்கொண்டு, "வா, போயிட்டு வருவோம்" என்றார்.

சாயங்கால வெயில் கல்சுவரில் மஞ்சளாக விழுந்திருந்தது. உள்ளே தூணுக்குத் தூண் விளக்கு. உடுப்புக் கடை, தேயிலைக் கடை, கேக் விற்கிற கடை. பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சிவஞானம் அவளைப் பார்த்து, "எந்த இடம்?" என்று மட்டும் கேட்டார். அவள் கையைக் காட்டினாள்.

தொட்டிகளை அவர்கள் இடிக்கவில்லை. உள்ளே நீலமாகப் பூசி, தண்ணீர் நிரப்பி, அல்லி விட்டிருந்தார்கள். ஓரத்தில் இரண்டு மூன்று மேசை. சிவஞானம் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

புதிதாகக் கல்யாணமானவர்கள் போல ஒரு சோடி வந்தது. அந்தப் பெண் பூ வைத்து, பட்டுடுத்தி, அழகாக இருந்தாள். "அங்கிள், குறை நெனக்காதீங்க, ஒரு படம் எடுக்கணும். கொஞ்சம் அந்தப் பக்கம் நிக்கிறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நில்லு தாயி, நில்லு" என்று சிவஞானம் விலகிக்கொண்டார்.

அவர்கள் படம் எடுத்துக்கொண்டு போன பிறகு இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளை தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. இங்கே அவரால் சட்டென்று எழுந்து போய்விட முடியாது என்று விஜயலெட்சுமிக்குத் தோன்றியது.

"அன்னைக்கு ஏங்க அப்பிடிச் சொன்னீங்க?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம விட்டது நான். ஒங்ககிட்ட கேட்டப்ப நீங்க சரின்னுகூடச் சொல்லல."

"வேணாம்னும் சொல்லலியே."

"அதுக்காக? கடைசி வரைக்கும் ஒங்க மொகத்த அவன் திரும்பிப் பாக்கலீங்க. அவன் மனசுல ஒங்கள..."

"நெனச்சேன்னு சொன்னான், கேட்டியா?" என்றார் சிவஞானம். "என்னைய அவன் எப்பவோ அப்பிடி நெனச்சு முடிச்சுட்டான். கூட ஒண்ணு சேந்தா எனக்கு என்ன? ஒன்னையும் அப்பிடி நெனச்சுக்கிட்டுப் போனா, அவனுக்கு யாருமே இல்லாமப் போயிருமே, புள்ள."

விஜயலெட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்து மேசையில் யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். சிவஞானம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் நாற்காலியை இழுத்து, அந்த ஆட்களுக்கு அவள் முகம் தெரியாதபடி மறைத்து உட்கார்ந்துகொண்டார்.

"அழு" என்றார். "யாரும் பாக்க மாட்டாங்க."